மூன்றே முக்காலுக்கு ஒரு படம்

அத்தியாயம் 11

போன வாரம் ரிப்போர்ட் வந்தது. சின்னவளின் வலது மார்பில் எட்டு மில்லிமீட்டரில் ஒரு புற்றுக் கட்டி. அன்றிலிருந்து வீட்டில் எல்லாரும் மெதுவாகப் பேசுகிறார்கள். கதவைக்கூட மெதுவாகச் சாத்துகிறார்கள்.

இன்று ஆபரேஷன்.

பெரியவள் ஐந்து மணிக்கே எழுந்துவிட்டாள். பையில் துண்டு, சீப்பு, மாற்றுச் சட்டை, நான்கு ஆரஞ்சு வைத்தாள். எல்லாவற்றுக்கும் அடியில், பழைய தலையணை உறையில் சுற்றிய ஒரு பொருள். கடைசியாக ஒரு சீட்டு, சட்டைப் பைக்குள். நான்காக மடித்தது.

சீட்டு அவளுடையது. இன்றைய தேதி. பிற்பகல் மூன்றே முக்கால். ஐந்தாம் வருடப் பரிசோதனை.

ஐந்து வருடங்களுக்கு முன் பெரியவளின் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அவளுடையது எட்டு மில்லிமீட்டர் இல்லை. எலுமிச்சை அளவு. எட்டு கீமோ ஊசி, இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு, அதன் பிறகு தினம் ஒரு மாத்திரை. மாத்திரையை நிறுத்தலாமா என்பதை இன்று மற்ற மார்பை எடுக்கும் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துத்தான் டாக்டர் சொல்வார்.

தேதி வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சமையலறைக் காலண்டரில் அவளே சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தாள். போன வாரம் அம்மா அதே கட்டத்தில் நீல மையால் எழுதினாள்: சின்னவள் ஆபரேஷன். பெரிய எழுத்து. சிவப்பு வட்டம் அதற்குள் போய்விட்டது.

பெரியவள் மனத்துக்குள் ஒரு பந்தயம் கட்டினாள். அம்மாவோ கணவரோ, யாராவது ஒருவர், "உன் படம் இன்னைக்குத்தானே?" என்று கேட்க வேண்டும். கேட்டால் போவாள். கேட்காவிட்டால் போக மாட்டாள்.

சின்னப்பிள்ளைத்தனம் என்று தெரிந்தது. தெரிந்தே கட்டினாள்.

*

பெரியவளின் கணவர்தான் வண்டி ஓட்டினார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வீட்டில்கூட லிஃப்ட்காரர் என்றுதான் பெயர். இன்று முழு நாள் லீவு போட்டிருந்தார்.

"என் ஆபரேஷனுக்கு எத்தனை நாள் லீவு போட்டீங்க?" என்றாள் பெரியவள்.

"அரை நாள். அன்னைக்கு எட்டாவது மாடியில லிஃப்ட் நின்னு போச்சு. உள்ள ஏழு பேர்."

"இன்னைக்கு நிக்காதா?"

"நின்னா நிக்கட்டும். படியில இறங்கி வரட்டும்."

"உள்ள மாட்டினவங்க எப்படிப் படியில இறங்குவாங்க?"

லிஃப்ட்காரர் கண்ணாடியைச் சரி செய்தார்.

"இப்ப எதுக்கு அந்தப் பழைய கதை?" அம்மா பின்சீட்டிலிருந்து அதட்டினாள். "சின்னவ பயந்து போய் உக்காந்திருக்கா."

சின்னவள் பயந்த மாதிரி இல்லை. டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறவள். அடுத்தவர் ஓட்டும்போதெல்லாம் அவள் வலது கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும். இப்போதும் மிதித்தது.

"மாமா, கிளட்ச்சை விட்டுட்டு ஓட்டுங்க. பாவம், அதுக்கும் உயிர் இருக்கு."

"ஆபரேஷனுக்குப் போறவ பேசற பேச்சா இது?"

"ஆபரேஷன் வரைக்கும் உயிரோட போய்ச் சேரணும்ல?"

அம்மா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பெரியவள் அதை முன்சீட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். சின்னவளின் கணவர் கப்பலில் வேலை செய்கிறார். கரைக்கு வர இன்னும் மூன்று வாரம். ஐந்து வயது மகன் பக்கத்து வீட்டில். அம்மா சாய்த்துக்கொள்ளத்தான் செய்வாள். நியாயம்தான்.

நியாயம் என்று தெரிந்ததால் பார்வையை எடுக்க முடிந்ததா என்றால், இல்லை.

*

மருத்துவமனையில் நோயாளிக்கு ஒரு கார்டு, கூட வந்தவருக்கு ஒரு கார்டு. "ஒருத்தருக்குத்தான் தருவோம்" என்றார்கள். பெரியவள் கழுத்தை நீட்டினாள். மஞ்சள் கார்டு. உடனிருப்பவர், படுக்கை 17.

ஆபரேஷனுக்கு முன் படம் எடுக்கும் அறைக்குப் போக வேண்டும். கட்டி கைக்குத் தட்டுப்படாத அளவு. அது எங்கே இருக்கிறது என்று படத்தில் பார்த்து, மெல்லிய கம்பி ஒன்றை அதுவரை செருகிவிடுவார்கள். டாக்டர் கம்பி காட்டும் வழியில் போய் எடுப்பார்.

அறை வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். படம் எடுக்கும் பெண் கதவைத் திறந்தாள்.

"கூட யார் வந்திருக்கீங்க?"

"நான்தான்" என்றாள் பெரியவள்.

"அட, நீங்களா! சாயங்காலமும் வரணுமே. லிஸ்ட்ல பார்த்தேன். மூணே முக்காலுக்கு நீங்கதான் கடைசி, வரலைன்னா பூட்டிடுவேன், சொல்லிட்டேன்."

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். அம்மா இரண்டு அடி தள்ளி நின்று சின்னவளின் தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லை.

வெளியாள் சொன்னது கணக்கில் சேராது.

உள்ளே சின்னவள் "ஐயோ" என்ற சத்தம் கேட்டது. பிறகு சிரித்த சத்தம். பெரியவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். மூன்று வருடமாக வருடத்துக்கு ஒருமுறை சின்னவளை இந்த அறைக்கு இழுத்து வருகிறவள் அவள்தான். அக்காவுக்கு வந்திருப்பதால் தங்கை சீக்கிரமே பார்க்கத் தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருவருக்கும் போனில் நேரம் பதிவு செய்வது சின்னவள். பதிவு செய்வதோடு சரி. பிறகு கிளாஸ் இருக்கிறது என்பாள், பையனுக்குச் சளி என்பாள். பெரியவள் தையல் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, கையைப் பிடித்து இழுத்து வருவாள். இரண்டு மாதத்துக்கு முன்னும் அப்படித்தான். அந்தப் படத்தில்தான் புள்ளி தெரிந்தது.

அவளுக்கு ஒரு அக்கா இருந்தாள், என்று பெரியவள் நினைத்தாள். எனக்கு இல்லை.

*

பத்து மணிக்குச் சின்னவளை உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது போனை அம்மா கையில் திணித்தாள்.

"போனைப் பாரும்மா. மெசேஜ் வரும்."

"சரிடி. நீ தைரியமாப் போ."

பத்தரைக்கு அது ஒலித்தது. அம்மா எடுத்துத் திரையைத் தூரத்தில் வைத்துப் பார்த்தாள், கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள், கைப்பையில் போட்டாள்.

"என்ன மெசேஜ்?" என்றாள் பெரியவள். அது என்ன மெசேஜ் என்று அவளுக்குத் தெரியும். அவள் படத்துக்கான நினைவூட்டல், பதிவு செய்த எண்ணுக்குத்தான் வரும்.

"யாருக்குத் தெரியும். கண்ணாடியை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன்."

"யாரையாவது படிக்கச் சொல்லேன்."

"இருக்கற கவலையில மெசேஜ் ஒண்ணுதான் குறைச்சல்."

பதினொன்றரைக்கு அம்மாவுக்கு வியர்த்தது. துண்டு எடுக்கப் பைக்குள் கைவிட்டாள். ஆரஞ்சு வந்தது. சீப்பு வந்தது. தலையணை உறை வந்தது. அதிலிருந்து நழுவி அம்மாவின் மடியில் விழுந்தது அந்தப் பொருள்.

திண்டு. பெரியவள் அதை அப்படித்தான் சொல்வாள். மார்பை எடுத்தவர்கள் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்வது. மருத்துவமனையில் விற்றது வெயிலில் வியர்க்க வைத்தது, கனமாக இருந்தது. அதனால் தனக்கென்று அவளே ஒன்று தைத்தாள். பருத்தித் துணி, பஞ்சு, எடைக்காக அடியில் கொஞ்சம் கண்ணாடி மணி. ஒரு நர்ஸ் பார்த்துவிட்டு இன்னொரு நோயாளியை அனுப்பினாள். இன்றுவரை இருநூறுக்கு மேல் தைத்துவிட்டாள். ஒரே ஒரு விதி வைத்திருந்தாள். புண் ஆறி ஆறு வாரம் ஆன பிறகுதான் அளவு எடுப்பாள். அதற்கு முன் யார் கேட்டாலும் டேப்பைத் தொட மாட்டாள்.

"இது யாருக்கு?" என்றாள் அம்மா.

"ஒரு கஸ்டமருக்கு."

"இது நான் சின்னவளுக்கு எடுத்துக் கொடுத்த துணி. இந்த ஊதா கலருக்காக நாலு கடை ஏறி இறங்கினேன். மிச்சம் உன்கிட்டதான் இருந்தது."

பெரியவள் சீப்பை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

அம்மா திண்டை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் பார்த்தாள். தையல் நேர்த்தியாக இருந்தது. ஓரத்தில் பூவேலைகூட இருந்தது.

"கட்டியை மட்டும்தான் எடுப்போம்னு டாக்டர் சொன்னாரே. நீயும் கேட்டுட்டுத்தானே நின்ன?"

"உள்ள போன பிறகு மாறலாம். எனக்கு மாறிச்சு."

"மாறணும்னு நினைச்சியா?"

லிஃப்ட்காரர் எதிரே லிஃப்ட் கதவின் மேல் எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று. இரண்டு. ஒன்று. பார்வையை எடுக்கவே இல்லை.

"எனக்கு ஆபரேஷன் நடந்த அன்னைக்கு நீ எங்கம்மா இருந்த?"

"தெரியாத மாதிரி கேக்காத. சின்னவளுக்குப் பிள்ளை பிறந்து பதினோரு நாள்."

"தெரியும். பதினோரு நாள். நானும் எண்ணிட்டுத்தான் இருந்தேன்."

அம்மா திண்டை மறுபடி உறைக்குள் வைத்தாள். பையின் அடியில், இருந்த இடத்திலேயே வைத்தாள். மேலே துண்டைப் போட்டு மூடினாள். வியர்வையைத் துடைக்கவில்லை.

*

ஒரு மணிக்கு டாக்டர் வந்தார். தலையில் இன்னும் பச்சைத் தொப்பி.

"நல்லபடியா முடிஞ்சுது. கட்டியை மட்டும் எடுத்திருக்கோம். அக்குள்ல இருக்கற முதல் நெறிக்கட்டியை எடுத்து உடனே டெஸ்ட் பண்ணிப் பார்த்தோம். அங்க பரவலை. முழு ரிப்போர்ட் பத்து நாள்ல வரும். கதிர் மூணு வாரம் வேணும். ஊசி தேவைப்படாதுன்னு நினைக்கிறேன். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்."

"தப்பிச்சுட்டா எம் பொண்ணு" என்று அம்மா சுவரில் சாய்ந்தாள்.

பெரியவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷம் நிஜமாகவே வந்தது. அது உள்ளே வந்து உட்காருவதற்குள், பின்னாலேயே மற்றதும் வந்துவிட்டது. ஊசி இல்லை. முடி கொட்டாது. வாயில் புண் வராது. இரண்டும் இருக்கும்.

டாக்டர் போகிற போக்கில் பெரியவளிடம், "சீக்கிரமே கண்டுபிடிச்சதால இவ்வளவு சுலபமாப் போச்சு. அதிர்ஷ்டசாலிம்மா உங்க தங்கச்சி" என்றார்.

அதிர்ஷ்டத்தை வருடா வருடம் கையைப் பிடித்து இழுத்து வந்தது யார் என்று அவர் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

*

மணி மூன்று இருபது. அம்மாவும் லிஃப்ட்காரரும் காபி குடிக்கக் கீழே போனார்கள். பதினேழாம் படுக்கைக்குப் பக்கத்தில் பெரியவள் மட்டும். சீட்டு சட்டைப் பையில் இருந்தது. அதன் மடிப்பு நுனிகள் பஞ்சாகிவிட்டிருந்தன.

"அக்கா."

"இங்கதான் இருக்கேன்."

"இருக்கா?" சின்னவளால் குனிந்து பார்க்க முடியவில்லை.

"இருக்கு. ரெண்டும் இருக்கு. வேற எங்கயும் பரவலையாம்."

"அப்புறம் ஏன் உன் குரல் இப்படி இருக்கு?"

"எப்படி?"

"ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவங்க, எனக்கு எல்லாம் தெரியும்னு சொல்ற மாதிரி."

பெரியவள் ஆரஞ்சு எடுக்கப் பையைத் திறந்தாள். உறை விலகி ஊதா நிறம் வெளியே எட்டிப் பார்த்தது. மூடுவதற்குள் சின்னவள் பார்த்துவிட்டாள்.

"அது என் துணி."

"ஆமா."

"எப்பத் தைச்ச?"

"ரிப்போர்ட் வந்த அன்னைக்கு."

"ஆறு வாரம் கழிச்சுத்தானே நீ அளவே எடுப்ப?"

பெரியவள் ஆரஞ்சை உரிக்கத் தொடங்கினாள். தோல் துண்டு துண்டாக வந்தது.

"எனக்கும் எடுத்துட்டா உனக்கு ஒரு ஜோடி ஆச்சுன்னு நினைச்சியா?"

"ஆமா" என்றாள் பெரியவள்.

சொன்ன பிறகு அறையில் எதுவும் இடிந்து விழவில்லை. டிரிப்ஸ் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் ஒண்ணு சொல்லவா?" என்றாள் சின்னவள். "உனக்கு வந்தப்ப எனக்கும் பொறாமையா இருந்தது."

"எதுக்கு? என் மொட்டைத் தலைக்கா?"

"பஸ்ல தனியாப் போய் ஊசி போட்டுட்டு, தனியா வருவ. வந்து மிஷின்ல உக்காருவ. வர்றவங்க போறவங்க எல்லாம், பெரியவ சிங்கம்டின்னு சொல்லுவாங்க. நான் பிள்ளையை வச்சுட்டு ராத்திரி பகல் தெரியாமக் கிடந்தேன். அம்மா பக்கத்துல இருந்தாலும் உன் கதையைத்தான் சொல்லிச் சொல்லி அழுதாங்க. இப்பவும் பாரு. பாவம் சின்னவ, பாவம் சின்னவ. ஒரு பூனைன்னுகூட யாரும் சொல்லலை."

"தனியாப் போனது வீரம் இல்லடி. கூட வர ஆள் இல்லை."

"அது எனக்குத் தெரியாதே."

"எனக்கும்தான் தெரியாது, அம்மா அழுதாங்கன்னு."

பெரியவள் ஆரஞ்சின் கடைசித் தோல் துண்டைப் பிய்த்தாள்.

"அதைக் கொடு" என்றாள் சின்னவள்.

"எதை?"

"திண்டை. அக்குள்ல தையல் இழுக்குது. கையை வைக்க இடம் இல்லை."

பெரியவள் அவள் கையை மெதுவாகத் தூக்கித் திண்டை அடியில் வைத்தாள். கண்ணாடி மணிகள் உள்ளே சரிந்து, கையின் வளைவுக்கு ஏற்றபடி அமர்ந்தன. சின்னவள் கண்ணை மூடினாள்.

"நல்லா இருக்கு. எதுக்குத் தைச்சியோ, நல்லாத் தைச்சிருக்க." பிறகு சட்டென்று கண்ணைத் திறந்தாள். "மணி என்ன?"

"மூணு நாற்பது."

"உன் படம்! மூணே முக்காலுக்குத்தானே பதிவு பண்ணேன்? அம்மாகிட்டச் சொல்லிட்டுத்தானே உள்ள போனேன், போனைப் பாருன்னு? யாரும் சொல்லலையா?"

பெரியவள் எழவில்லை. காலையில் கட்டிய பந்தயத்தில் அம்மா இருந்தாள், கணவர் இருந்தார். சின்னவளைச் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. கேட்காமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. எல்லார் மேலும் முழுதாகக் கோபப்பட்டிருக்கலாம்.

"அடுத்த மாசம் போய்க்கலாம்."

"இப்பப் போறியா, இல்ல நான் இந்தக் குழாயைப் பிடுங்கிட்டு உன் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகவா?"

சின்னவளின் வலது கால் போர்வைக்குள் ஒருமுறை அழுத்தியது. இந்த முறை அது பிரேக் மாதிரித் தெரியவில்லை.

பெரியவள் எழுந்தாள்.

*

படம் எடுக்கும் பெண் விளக்கை அணைக்கக் கை தூக்கியிருந்தாள். பெரியவள் வாசலில் செருப்பை உதறிவிட்டு உள்ளே போனாள். ஒன்று நேராக விழுந்தது. மற்றது கவிழ்ந்தது.

"ஒரு நிமிஷம் லேட்டா வந்திருந்தா நான் போயிருப்பேன். வாங்க. உங்களுக்குப் பாதி வேலைதானே."

பெரியவள் சிரித்தாள். ஐந்து வருடத்தில் இந்தக் கேலியை அவளிடம் சொல்ல உரிமை பெற்ற ஒரே ஆள் இவள்தான்.

தட்டுகள் அழுத்தின. "மூச்சைப் பிடிங்க. விடுங்க." மேலிருந்து ஒரு படம். பக்கவாட்டில் ஒரு படம். அந்தப் பெண் எப்போதும்போல் மகன் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டே திரைக்குப் போனாள். கணக்கில் எவ்வளவு, அறிவியலில் எவ்வளவு.

அறிவியல் மதிப்பெண்ணைச் சொல்லாமல் நிறுத்தினாள்.

பெரியவள் அவள் முதுகைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு எடுத்துக்கலாமா? சும்மாதான்."

இந்தச் சும்மாவை அவளுக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன் இதே அறையில், இதே குரலில், சின்னவளிடம் சொன்னது.

இந்த முறை சின்னத் தட்டு. ஒரே இடத்தில் அழுத்தியது. "மூச்சைப் பிடிங்க." விடச் சொல்ல அந்தப் பெண் கொஞ்சம் தாமதித்தாள்.

"டாக்டர் ஒரு தடவை பார்த்துடட்டும். சட்டை போட்டுக்காதீங்க, அந்த கவுனோடயே உக்காருங்க. பல தடவை ஒண்ணும் இருக்காது."

"தெரியும். அதையும் சொல்லுவீங்க."

"கூட யாராவது வந்திருக்காங்களா?"

பெரியவள் குனிந்து பார்த்தாள். கவுனுக்கு மேல் மஞ்சள் கார்டு தொங்கிக்கொண்டிருந்தது. உடனிருப்பவர், படுக்கை 17. அதைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

பதில் சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது.

"ஏம்மா," அம்மாவின் குரல். மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்பு. "எம் பெரிய பொண்ணு உள்ள இருக்காளா? மெசேஜ் வந்திருக்கு. இப்பத்தான் மாப்பிள்ளை படிச்சுச் சொன்னாரு. மூணே முக்கால்னு போட்டிருக்கு."

காலை ஐந்து மணியிலிருந்து பெரியவள் காத்திருந்த குரல். காத்திருந்த கேள்வி.

படம் எடுக்கும் பெண் அவளைப் பார்த்தாள். பெரியவள் தலையை அசைத்தாள். வேண்டாம்.

"இல்லைன்னு சொல்லிடுங்க," என்றாள் மெல்ல. "இன்னைக்கு ஒரு நாள் சந்தோஷமா இருக்கட்டும்."

அந்தப் பெண் கதவை விரல் அகலம் திறந்தாள். "யாரும் இல்லைங்க. எல்லாரும் போயாச்சு. மூடப் போறேன்."

வெளியே சத்தம் இல்லை. போய்விட்டாள் என்று பெரியவள் மூச்சை விட்டாள்.

பிறகு, மிகப் பக்கத்தில், கதவுக்குக் கீழிருந்து வருவதுபோல் அம்மாவின் குரல் கேட்டது. குனிந்து எதையோ எடுத்து, நேராக்கி வைக்கிற குரல்.

"அவ செருப்பு இங்க கிடக்கே."

வராந்தாவில் பெஞ்சை இழுக்கும் சத்தம். அது கதவுக்கு நேர் எதிரே வந்து நின்றது.